தையலைத் தாண்டாத குதிரை

வார்டம்மா குதிரைகளிடம் போனது இரக்கத்தினால் அல்ல. மதியத் தூக்கம் கெட்டதனால்.

முப்பத்தொரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டில் நர்ஸாக நின்று நின்றே கால் வீங்கிப்போனவள். ஓய்வு பெற்ற அன்று அவள் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட ஒரே பரிசு மதியத் தூக்கம். இரண்டு மணிக்குப் படுத்தால் மூன்றரைக்கு எழுந்திருப்பாள். இடையில் யாராவது கதவைத் தட்டினால், ஏன் தட்டினோம் என்று அவர்களே நொந்துகொள்ளும்படி பார்த்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளின் பின்சுவரை ஒட்டியிருந்த லாயத்திலிருந்து, தினமும் சரியாக அந்த நேரத்தில், தகரத் தொட்டியை உதைக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினாள்.

லாயத்தில் நின்ற சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்று, கதவின் குறுக்குச் சட்டத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. சட்டத்தில் பாதி இல்லை. தொட்டியில் ஒன்றுமே இல்லை.

"ஏம்பா, இது குதிரையா, கரையானா?" என்றாள்.

குதிரைக்காரன் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். தெருவில் வண்டி ஓட்டும்போது கத்தமாட்டான். விசில் அடித்தே ஆட்களை விலக்குவான். அதனால் எல்லோருக்கும் அவன் விசில்.

"பசிம்மா அதுக்கு."

"அது தொட்டிய உதைச்சுக் கேக்குது. உனக்கு வாய் இருக்குல்ல? நீ யார்கிட்டயாவது கேட்டியா?"

"மனுஷனுக்கே இல்லாத நேரத்துல குதிரைக்குக் கேட்டா சிரிப்பாங்கம்மா."

"சிரிச்சா பல்லு தெரியும். அதனால உனக்கு என்ன நஷ்டம்?"

விஷயம் இதுதான். ஏரிக்குப் போகும் பாலத்தில் விரிசல் கண்டு, வண்டி எதுவும் போகக்கூடாது என்று மூடிவிட்டார்கள். ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்று ஒரு பலகை வைத்தார்கள். ஆறு வாரம் போய், அந்தப் பலகையில் எழுத்தும் வெளுத்துப்போனது. ஏரி பார்க்க வரும் பஸ்கள் நின்றன. அவர்களை ஏற்றிக்கொண்டு கரையைச் சுற்றிக் காட்டிய பதினான்கு குதிரை வண்டிகளும் நின்றன. வண்டிக்கு ஒன்றுமில்லை, நிறுத்தினால் நிற்கும். குதிரையை அப்படி நிறுத்திவைக்க முடியாது.

மறுநாள் வார்டம்மா கோபத்தோடு தெருவில் இறங்கினாள். கெஞ்ச அவளுக்கு வராது. வார்டில் மருந்து வாங்கினாலும், போர்வை வாங்கினாலும், டாக்டரை அறையிலிருந்து வெளியே வரவழைத்தாலும், எல்லாம் திட்டித்தான். தவிட்டு மில்காரர் தாடையைச் சொறிந்துகொண்டு, "பாக்கலாம்மா, அடுத்த மாசம்..." என்று இழுத்தார்.

"மூணு மாசம் உங்கப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினவ நான். அடுத்த மாசம் அள்றேன்னு சொன்னேனா? தவிட்ட எடுத்துப் போடுங்க."

தவிடு வந்தது. பால் பண்ணையிலிருந்து வைக்கோல் வந்தது. தானிய மண்டிக்காரர், அவள் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த இரண்டாம் நாள் கொள்ளு கொடுக்கச் சம்மதித்தார். ஏதோ ஒரு சங்கத்திலிருந்து நாலைந்து பேர் வேன் நிறையப் பழைய ரொட்டியும் ஒரு துணிப் பேனரும் கொண்டுவந்தார்கள். வார்டம்மா ரொட்டியை இறக்கவே விடவில்லை.

"இத்தனை ரொட்டி தின்னா குதிரை வயிறு ஊதிச் செத்துரும். போட்டோதான் வேணும்னா ரொட்டிய நீங்க தின்னுட்டு நில்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்."

எவ்வளவு திட்டியும் வாரத்துக்கு ஒன்பது குதிரைகளுக்குத்தான் தீனி தேறியது. இருப்பதோ பதினான்கு. வார்டில் பழகிய கணக்கு அவளிடம் இருந்தது: யார் ரொம்ப மோசமோ அவருக்கு முதலில். மாட்டு டாக்டரிடம் கேட்டாள். "இங்க இருக்கிறதெல்லாம் சின்ன சாதிக் குதிரை. முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி அளந்தா நூத்தைம்பது சென்டிமீட்டர் இருக்கணும். அதுக்குக் கீழ போனா கவனிங்க" என்றார் அவர்.

தையல்காரர் டேப்பின் நீளமே நூற்றைம்பதுதான். வார்டம்மாவின் கணவர், ஓய்வு பெற்ற தபால்காரர், இரண்டு டேப்பை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். கையில் அகப்பட்டது சிவப்பு நூல். ஆக, சிவப்புத் தையல் விழுந்த இடமே எல்லைக்கோடு ஆயிற்று. திங்கட்கிழமை காலையில் குதிரை வண்டி ஸ்டாண்டில் அளப்பாள். தையலைத் தாண்டினால் தேறின குதிரை. பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படும். தாண்டாத குதிரைக்கு ஒரு மூட்டை கொள்ளு, ஒரு பை தவிடு, ஒரு கட்டு வைக்கோல்.

"நல்ல சட்டம்" என்றார் ஸ்டாண்டுச் செயலாளர். காதோடு பேசினாலும் மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் அவருக்கு, பெயர் மைக். "கொள்ளுன்னா வாயைத் திறக்கிறது, கடிவாளம்னா மூடிக்கிறது, இந்தக் கதையெல்லாம் இனிமே நடக்காது."

"நீங்க குதிரையச் சொல்றீங்களா, ஆளச் சொல்றீங்களா?" என்றாள் வார்டம்மா.

பன்னிரண்டு வாரங்கள் போயின. மற்றக் குதிரைகள் தையலைத் தாண்டும், பட்டியலிலிருந்து போகும், இளைக்கும், திரும்ப வரும். விசிலின் சாம்பலி மட்டும் நகரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் தையலுக்கு இரண்டு விரற்கடை கீழே. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"சாப்பிடுதா?"

"நல்லாச் சாப்பிடுதும்மா. உடம்புல ஒட்ட மாட்டேங்குது."

"நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. வயித்துல பூச்சி இருக்கும்."

பூச்சி மருந்து வாங்கித் தானே வாயில் ஊற்றினாள். பல்லைத் திறந்து பார்த்தாள். சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். மைக் அவள் காதில், அதாவது ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி, "வித்துடறான், வேறென்ன?" என்றார். வார்டம்மா மண்டியில் விசாரித்தாள். விசில் ஒரு பிடிகூட விற்கவில்லை. அவளுக்குப் பிடிபடவில்லை. அடுத்த வாரமும் மூட்டை கொடுத்தாள்.

அந்தப் பன்னிரண்டு வாரத்தில் கடைசி இரண்டு வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள். தொட்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது. குதிரைக்கு வயிறு நிறைகிறது என்று நினைத்துக்கொண்டாள். வார்டுக்கு வரும் புதுப் பெண்களுக்கு அவளே பாடம் சொல்லிக்கொடுப்பவள்: கத்துகிறவன் பிழைப்பான், சத்தமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவனிடம் முதலில் ஓடு. அந்தப் பாடம் மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கே ஞாபகம் வரவில்லை. பிற்பாடு தன்னை அவள் மன்னிக்காத விஷயங்களில் இது முதலாவது.

மூன்று நாள் விடாத குளிர் மழை. நாலாம் நாள் காலை விசிலின் மனைவி வாசலில் வந்து நின்றாள். சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். கையில் இஸ்திரிச் சூட்டின் தழும்புகள்.

"அக்கா, சாம்பலி எழுந்திரிக்க மாட்டேங்குது."

வார்டம்மா போனபோது லாயத்தில் ஏற்கெனவே கூட்டம். சாம்பலி பக்கவாட்டில் கிடந்தது. கண் திறந்திருந்தது; ஈ உட்கார்ந்தும் இமைக்கவில்லை. நாலு வண்டிக்காரர்கள் தலையைத் தூக்கிப் பிடித்திருக்க, மைக் ஒரு வாளி நிறைய ஊறவைத்த கொள்ளோடும் வெல்லக்கட்டியோடும் மண்டியிட்டிருந்தார்.

வார்டம்மா வாளியைக் காலால் உதைத்தாள். கொள்ளு சாணத்தில் கொட்டியது.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றார் மைக்.

"எனக்கா? பட்டினி கிடந்த உடம்புல வாளி வாளியாக் கொட்டினா இருதயம் நின்னுரும். மனுஷனுக்கும் அப்படித்தான், மிருகத்துக்கும் அப்படித்தான். பிரியாணி போட்டுக் கொன்ன சொந்தக்காரங்கள எத்தனையோ பேரப் பாத்தவ நான். தலையக் கீழ வைங்க. டாக்டரக் கூப்பிடுங்க. வைக்கோல் கொண்டாங்க, கீழ தடிமனா விரிக்கணும்."

டாக்டர் வந்தார். ஊசி போட்டார், நரம்பில் பாட்டில் ஏற்றினார். விலா எலும்புகளுக்கு மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"இது நேத்து இளைச்ச உடம்பு இல்லம்மா. மாசக்கணக்கா அரை வயித்துல இருந்திருக்கு. சேமிப்புன்னு உடம்புல ஒண்ணும் இல்ல. குளிர் வந்ததும் விழுந்துடுச்சு. அஞ்சு நாள் பாக்கலாம். அதுக்குள்ள எழுந்து நிக்கலேன்னா எழாது. நான் வந்து ஊசி போட்டு முடிச்சுடறேன்."

ஐந்து நாள். வார்டம்மா விசிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த வாரத்து மூட்டை எங்க? அதோட குடுத்த தவிடு இருக்கும், ஒரு கைப்பிடி கரைக்கணும்."

விசில் தரையைப் பார்த்தான். அவன் மனைவி அவனைப் பார்த்தாள். பிறகு அவளே வீட்டுக்குள் போனாள். வார்டம்மா பின்னாலேயே போனாள்.

ஒரே அறை. கட்டில் வழக்கத்துக்கு மேல் உயரமாக நின்றது. மனைவி தொங்கிய போர்வையைத் தூக்கினாள். கட்டிலுக்கு அடியில், செங்கல் அடுக்கியது போல, ஒன்பது கொள்ளு மூட்டைகள். எட்டு மூட்டைகளில் வாய் தைத்த சணல்கூடப் பிரியவில்லை. அடி வரிசையிலிருந்து பூசண வாடை அடித்தது. வண்டுகள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன.

"நான் சொன்னேன் அக்கா" என்றாள் அவள். "தூங்கும்போது முதுகுக்குக் கீழ இவ்வளவு தீனி, சுவருக்கு அந்தாண்ட அது எலும்பும் தோலுமா. எனக்குத் தூக்கமே வரலன்னு சொன்னேன். 'உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னுட்டாரு."

வார்டம்மா வெளியே வந்தாள். வண்டிக்காரர்கள் இரண்டடி விலகி நின்றார்கள்.

"சொல்லு" என்றாள்.

விசில் சட்டைப் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தான். நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சிலிருந்து முனைவரை சரியாக நூற்றைம்பது சென்டிமீட்டர்.

"உங்க டேப்ப வெச்சு அளந்துக்கிட்டேன். தினம் காலைல இதச் சுத்திப் பாப்பேன். முடிச்சுகிட்ட வந்துட்டா அன்னைக்குக் கொள்ளு கிடையாது, வைக்கோல் மட்டும். இறங்கினா ரெண்டு கை கொள்ளு. ரெண்டு விரல் கீழயே நிறுத்தி வெச்சேன்."

"எதுக்கு?"

"தையலத் தாண்டினா பேர அடிச்சுடுவீங்க. அடிச்சுட்டா அப்புறம்? எதிர்வீட்டு மட்டக்குதிரையத் தேறிருச்சுன்னு எடுத்தீங்க. மூணு வாரத்துல அது எலும்பாயிருச்சு. திரும்பச் சேர்க்கிறதுக்குள்ள அவர் வித்துட்டாரு. எங்க வித்தாரு, யாருக்கு வித்தாரு, அது இப்போ உயிரோட இருக்கா, யாருக்குத் தெரியும்? பாலம் எப்போ திறக்கும்னு பாலத்துக்கே தெரியாது. நீங்க நிறுத்தற அன்னைக்கு எங்கிட்ட ஒன்பது மூட்டை இருக்கும். நான் அதச் சாகடிக்கப் பாக்கலம்மா. சேத்து வெச்சேன்."

வார்டம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மூளைன்னு ஒண்ணு இருந்தா அதையும் கட்டிலுக்கு அடியில வெச்சுட்டியா? மூட்டையக் காப்பாத்தினே. தின்ன வேண்டியது செத்துட்டா அந்த மூட்டைய யார் தின்றது, நீயா? கொழுப்புங்கறது உடம்புல இருக்கணும்டா, கட்டிலுக்குக் கீழ இல்ல."

 அவள் அதோடு நிறுத்தினாள். ஏனென்றால், திட்டிக்கொண்டிருக்கும்போதே வேறொருவன் அவள் நினைவில் வந்து நின்றான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், பதினேழாம் நம்பர் கட்டிலில் இருந்த ஒரு சுமைதூக்கி. காய்ச்சல் இறங்கவே இல்லை. ஒருநாள் அவன் தெர்மாமீட்டரை டீக் கிளாஸில் முக்குவதை அவள் கண்ணால் பார்த்தாள். காய்ச்சல் இருந்தால் கட்டில், கட்டில் இருந்தால் மூன்று வேளை சோறு. அவள் டாக்டரிடம் சொன்னாள், அன்று மாலையே அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வார்டு முழுக்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சோற்றுக்காக ஒருவன் காய்ச்சலை வளர்க்கும்படி சட்டம் போட்டது யார் என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, அதே சட்டத்தைச் சிவப்பு நூலால் தானே தைத்து வைத்திருக்கிறாள்.

இளைத்தால் தீனி, தேறினால் நிறுத்தம். இப்படிச் சொல்லிவிட்டுக் குதிரை ஏன் தேறவில்லை என்று சாணத்தைக் கிளறியிருக்கிறாள்.

அவளுக்கு விசில்மேல் இருந்த கோபம் குறையவில்லை. தன்மேலும் அதே அளவு வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வைத்துப் பார்க்கும் வேலை அவளுக்குக் கைவந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இல்லையென்றால் அழுந்திய பக்கம் புண்ணாகும், நுரையீரலில் நீர் கட்டும். மனிதர்களுக்கு இரண்டு பேர் போதும். சாம்பலிக்கு எட்டு பேர் தேவைப்பட்டார்கள். சாக்குகளைச் சேர்த்துக் கட்டி அடியில் கொடுத்து, கயிறு போட்டு, அவள் "இப்போ" என்றதும் புரட்டினார்கள். ஊறவைத்து மென்மையாக்கிய வைக்கோல் ஒரு கைப்பிடி, மணிக்கணக்குப் பார்த்து. தண்ணீர் வெதுவெதுப்பாக. கொள்ளைக் கண்ணில் காட்டக்கூடாது. சுவரில் ஒரு அட்டையை ஒட்டி, நேரத்தையும் கொடுத்ததையும் எழுதச் சொன்னாள்.

"குதிரைக்கு சார்ட்டா?" என்று ஒரு வண்டிக்காரர் சிரித்தார்.

"உனக்கு ஒண்ணு மாட்டட்டுமா? பக்கத்துல இடம் இருக்கு."

விசிலை அவள் வீட்டுக்குள் போகவிடவில்லை. அழுத்தும் இடங்களில் தேய்த்துவிடுவது, ஈரம் துடைப்பது, சாணம் அள்ளுவது எல்லாம் அவனே. அவன் அழுதான். "அழறதா இருந்தா அந்தப் பக்கம் திரும்பி அழு, கை மட்டும் இங்க வேலை செய்யட்டும்" என்றாள். அவனும் அப்படியே செய்தான்.

இரண்டாம் நாள் சாம்பலி ஈயை விரட்டக் காதை ஆட்டியது. மூன்றாம் நாள் ஒன்றும் மாறவில்லை. நாலாம் நாள் மார்பை ஊன்றி உட்கார்ந்தது. முன்னங்கால் இரண்டையும் நீட்டி எழப் பார்த்து, சரிந்து விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டு மைக் முகத்தை மூடிக்கொண்டார். ஐந்தாம் நாள் காலை டாக்டர் பெட்டியோடு வந்துவிட்டார். பெட்டியில் என்ன மருந்து இருக்கிறது என்று வார்டம்மாவுக்குத் தெரியும்.

"கடைசியா ஒரு தடவ" என்றாள். "எல்லாரும் வாங்க. சாக்க வயித்துக்கடியில குடுங்க. ஏய் விசில், நீ தூக்காத. நீ முன்னாடி போய் நில்லு. வண்டில போகும்போது எப்படி அடிப்பியோ அப்படி அடி."

அவன் உதடு உலர்ந்திருந்தது. முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை விசில் வந்தது. சாம்பலியின் காது முன்னால் திரும்பியது. எட்டுப் பேர் சாக்கைத் தூக்க, முன்னங்கால் ஊன்றியது, பின்னங்கால் வழுக்கியது, மறுபடி ஊன்றியது. நின்றது. நாலு காலும் நடுங்க, மூத்திரம் போய்க்கொண்டே நின்றது.

"யாரும் கை தட்டக்கூடாது" என்றாள் வார்டம்மா. "மிரண்டு விழும்."

டாக்டர் பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்டாண்டில் டேப்பை எடுத்தாள். மீதிப் பதின்மூன்று வண்டிக்காரர்களும் நின்றார்கள்.

"விசில் செஞ்சது முட்டாள்தனம். அத அவனுக்கு வேணுங்கற அளவு சொல்லிட்டேன். நான் போட்ட சட்டம் அதவிடப் பெரிய முட்டாள்தனம். அத எனக்குச் சொல்ல ஆள் இல்ல, அதனால நானே சொல்லிக்கிறேன். இன்னையிலேர்ந்து யார் பேரையும் அடிக்கிறதில்ல. பாலம் திறந்து ஒரு மாசம் வரைக்கும் எல்லாருக்கும் உண்டு. அளக்கறது நிக்காது. ஏறினா அடுத்த மூட்டை உன் வீட்டுக்கு வரும். ஏறலேன்னா மூட்டை உன் கைக்கு வராது; தினம் ரெண்டு வேளை நானே வந்து ஊட்டுவேன். நான் தினம் வர்றது உங்களுக்குப் பிடிக்காது."

"பிடிக்காது" என்று யாரோ ஒப்புக்கொண்டார்கள்.

"தீனி ஒன்பதுக்குத்தான் இருக்கு" என்றார் மைக். "பதிமூணுக்கு எங்க போறது?"

"ஏரிக்கு அந்தாண்ட ஆள் உயரம் புல்லு நிக்குது. பாலத்துல வண்டிதான் போகக்கூடாது. காலுமா போகக்கூடாது?"

ஆளாளுக்குத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்கள். அவர்கள் வண்டிக்காரர்கள். புல் அறுப்பது வண்டிக்காரன் வேலை இல்லை. புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் நடுவே வருவதைவிட, நிழலில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டே குதிரை இளைப்பதைப் பார்ப்பது அவர்களுக்கு மரியாதையாக இருந்திருக்கிறது. வார்டம்மாவுக்கு அது அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மத்தியானத்துக்குள் பதின்மூன்று அரிவாள் தயாராகிவிட்டன. தலைப்பாகையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு முதல் கட்டைச் சுமந்து வந்தவர் மைக். முகத்தை மறைத்து என்ன பயன்? "வழி விடுங்கப்பா" என்ற குரலிலேயே ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

கட்டிலுக்கு அடியிலிருந்த மூட்டைகளில் மூன்று குப்பைக்குப் போயின. ஆறு எல்லோருக்கும் பங்கானது.

பாலம் இன்னும் திறக்கவில்லை. மழை விட்டு ஒரு மாதம் இருக்கும். ஒரு மதியம் வார்டம்மா அப்போதுதான் கண் அயர்ந்தாள். தகரத் தொட்டி இடிபோல அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள்.

"மணி என்ன?" என்றாள்.

விசில் புல்லுக்கட்டோடு அப்போதுதான் உள்ளே வந்திருந்தான். "ரெண்டே முக்கால்."

"அட்டையில என்ன எழுதியிருக்கு?"

"ரெண்டரை."

"அதான் உதைக்குது. உன்னைவிட அதுக்கு எழுத்து நல்லாத் தெரியும்."

கையோடு கொண்டுவந்திருந்த டேப்பைச் சாம்பலியின் நெஞ்சைச் சுற்றிப் போட்டாள். விசில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிவப்புத் தையல் டேப்பின் நுனியை எட்டவில்லை. இன்னும் ஒரு விரற்கடை போகவேண்டியிருந்தது.

"தாண்டிருச்சு" என்றான் அவன் மெதுவாக. குரலில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

"தாண்டினா என்ன? திங்கக்கிழமை மூட்டை வரும். மூஞ்சிய அப்படி வெச்சுக்காத."

முந்தானையில் முடிந்திருந்த முடிச்சுக் கயிற்றை அவிழ்த்தாள். தொட்டியைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, அந்தக் கயிற்றாலேயே ஆணியில் இறுகக் கட்டினாள். ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. இனிச் சத்தம் வராது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சாம்பலி இந்தத் தடவை கதவை உதைத்தது.

"சனியன்" என்று சொல்லிவிட்டு, வார்டம்மா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.